விழுந்த பூச்சின் பின்பக்கம்

தலைகீழ்ச் சாந்து

சுவரில் பூசிய சாந்து நிற்பதில் யாருக்கும் வியப்பில்லை. சீலிங்கில் பூசியது எப்படி நிற்கிறது? அடியில் தாங்க எதுவும் கிடையாது. ஆணி இல்லை, கயிறு இல்லை. ஈரச் சாந்தைக் கரண்டியால் மேல்நோக்கி அப்பி, மணியாஸ் கட்டையால் தேய்த்துவிட்டுக் கொத்தனார் இறங்கிவிடுகிறார். அது முப்பது வருஷம் அப்படியே நிற்கிறது. இன்னொரு வீட்டில் அதே சிமெண்ட், அதே மணல், அதே கொத்தனார். மூன்றாவது மழைக்காலத்தில் கட்டில்மேல் பாளம் பாளமாக விழுகிறது.

விழுந்த வீட்டில் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள், பிறகு கொத்தனாரைத் திட்டுகிறார்கள். விழுந்த துண்டைத் திருப்பிப் பார்ப்பவர் அரிது. காரணம் பெரும்பாலும் அதன் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கும்.

பின்பக்கத்தில் இளநீலமோ வெளிர்பச்சையோ ஒட்டியிருந்தால் அது பழைய பெயிண்ட். புதுச் சாந்து அதை நன்றாகவே பற்றியிருக்கிறது. பெயிண்ட்தான் கான்கிரீட்டைக் கைவிட்டிருக்கிறது. பின்பக்கம் நிறமில்லாமல் வழவழவென்று இருந்தால், பெயிண்ட் மேலேயே தங்கிவிட்டது, சாந்து அதைப் பற்றவே இல்லை. மூன்றாவது வகையில் துருக்கறையும் ஜல்லியும் கலந்திருக்கும். அதற்குப் பெயிண்டோடு சம்பந்தம் குறைவு. கடைசியில் அதற்கு வருவோம்.

நாஞ்சில் நாட்டின் பழைய வீடுகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. மேலே ஓடு, உள்ளே மரத்தட்டு, அதன்மேல் மச்சு. பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் அண்ணாந்து பார்த்தால் தெரிவது மரத்தில் செதுக்கிய பூக்கள். அங்கே சுண்ணாம்பு வேலையின் பெருமையெல்லாம் கறுத்து மின்னும் தரையில் இருக்கிறது. தரைப்பூச்சுக்குப் புவியீர்ப்பு துணை நிற்கும். மரத்தட்டுப் போய்க் கான்கிரீட் வார்ப்பு வந்த பிறகுதான் நம் தலைக்கு மேலே சாந்து வந்தது.

ஒரு சதுர சென்டிமீட்டர் கணக்கு

‘கனம் தாங்காமல் விழுந்துவிட்டது’ என்பார்கள். சோதித்துப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீலிங்கின் பரப்பு 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து பூசினால் மொத்த எடை ஏறக்குறைய 220 கிலோ. நான்கு மூட்டைச் சிமெண்டுக்கும் மேல். கேட்டால் பயமாகத்தான் இருக்கும்.

இதையே ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுருக்குவோம். அந்தச் சிறு கட்டத்தின்கீழ் தொங்குவது ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள சாந்து. அதன் எடை 2 கிராம். ஒழுங்காகப் பிடித்த சிமெண்ட் பூச்சை அதே பரப்பில் நேராகக் கீழே இழுத்துப் பிய்க்க வேண்டுமானால் சுமார் 3 கிலோ விசை தேவை. இதை ஒட்டுவலிமை என்போம். தேவை 2 கிராம், கையிருப்பு 3,000 கிராம். 1,500 மடங்கு உபரி.

பழைய பெயிண்ட் குறுக்கே இருப்பதால் அந்த வலிமை நூறில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 30 கிராம் மிஞ்சும், 15 மடங்கு. எடைதான் எதிரி என்றால், பெயிண்ட்மேல் பூசிய பூச்சுகூட விழக் கூடாது. ஆனால் விழுகிறது. அப்படியானால் அதை இழுப்பது வேறு ஏதோ ஒன்று.

‘பழைய பெயிண்ட் மேலேயே பூசு, நிற்கும்’ என்று வற்புறுத்தும் வீட்டுக்காரர் முழுக்கப் பொய் சொல்லவில்லை என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. பூசிய அன்று நிற்கும். மறுவாரமும் நிற்கும். பக்கத்து வீட்டில் நிற்பதை அவரே பார்த்திருப்பார்.

ஓரத்தில் தொடங்குவது

ஈரச் சாந்து காயும்போது சுருங்குகிறது. பத்தாயிரத்தில் ஐந்து முதல் பத்துப் பங்கு நீளம் குறையும். பன்னிரண்டு அடிக்கு அது 2 முதல் 3.5 மில்லிமீட்டர். மேலே இருக்கும் கான்கிரீட்டோ எப்போதோ சுருங்கி முடிந்தது, இனி அசையாது. புதுப்பூச்சு உள்நோக்கி ஒடுங்கப் பார்க்கிறது, பழைய தளம் விட மறுக்கிறது. இந்த இழுபறி பரப்பு முழுதும் சமமாகப் பரவுவதில்லை. பூச்சு எங்கே முடிகிறதோ அங்கே குவிகிறது: சுவர் சேரும் மூலை, மின்விசிறிக் கொக்கி, ஒயர் பெட்டியின் விளிம்பு, மயிரிழை வெடிப்பின் இரு கரைகள், உள்ளே காற்று அடைபட்ட இடம்.

சினிமா சுவரொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை அதன் நடுவில் பதித்து நேராக இழுத்தால் வராது. மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தால் சர்ரென்று வந்துவிடும். பசை இரண்டு தடவையும் ஒன்றுதான். முதல் தடவை முழுப் பரப்பின் பசையும் சேர்ந்து எதிர்க்கிறது. இரண்டாம் தடவை அந்தக் கணத்தில் உரிந்துகொண்டிருக்கும் மெல்லிய கோடு மட்டுமே எதிர்க்கிறது. இந்த இரண்டாம் வகை இழுப்புக்கு உரிவிசை என்று பெயர் வைப்போம். பேருந்து நிலையச் சுவரில் பத்துப் படங்களின் சுவரொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். நேற்று ஒட்டியது எவ்வளவு நல்ல பசையானாலும், அடியில் இருப்பது விட்டால் கூண்டோடு வரும். சீலிங்கில் நடப்பதும் இதுதான்.

ஓரத்தில் சேரும் உரிவிசை பூச்சின் கனத்தைப் பொறுத்தது. கனம் இரட்டித்தால் ஓர அங்குலத்தில் இழுக்கும் விசையும் இரட்டிக்கும். மேடுபள்ளம் சரியாக வேண்டும் என்று முக்கால் அங்குலம் அப்புவது எடையால் மட்டும் கெடுதலில்லை. சுருங்கும்போது ஓரத்தைப் பிடித்து இழுக்கும் கை அதனால் பலப்படுகிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலைப் பட்டியலில் சுவருக்கு 12, 15 மில்லிமீட்டர் பூச்சு சொல்லியிருக்கும். சீலிங்குக்கு 6 மில்லிமீட்டர்தான், அதுவும் ஒன்றுக்கு மூன்று கலவை. அந்த 6-ஐ யார் முதலில் எழுதினாரோ, அவருக்கு விழுந்த பூச்சுகளோடு நல்ல பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

வெயிலும் தன் பங்குக்கு இழுக்கும். மட்டப்பாவில், அதாவது மொட்டைமாடியில், வெயில் ஏறி, கான்கிரீட்டின் வெப்பம் 20 பாகை கூடினால் பன்னிரண்டு அடித் தளம் முக்கால் மில்லிமீட்டர் நீளும். இரவில் திரும்ப ஒடுங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று வீசும் மாதங்களில் தோவாளைப் பக்கம் பூசினால் சாந்து உள்ளே இறுகும் முன்பே மேற்பரப்பு காய்ந்து வெடிக்கும். வெடிப்பு ஒவ்வொன்றும் ஒரு புது ஓரம்.

மூன்று பெயிண்ட், மூன்று குணம்

சிமெண்ட் சாந்து பசைபோல் ஒட்டுவதில்லை, வேர் விடுகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகள் சிமெண்ட் பாலை உறிஞ்சுகின்றன. அந்தத் துளைகளுக்குள் சிமெண்டும் நீரும் வினைபுரிந்து ஊசிபோன்ற நுண்படிகங்கள் வளர்ந்து பின்னிக்கொள்கின்றன. உறிஞ்சல் இல்லாத இடத்தில் வேர் இல்லை. உறிஞ்சல் அளவு மீறினாலும் ஆபத்துதான்: சாந்தில் உள்ள நீரைத் தளமே குடித்துவிட்டால் சிமெண்டுக்கு இறுகத் தண்ணீர் இராது. பூசுவதற்கு முன் தளத்தை நனைப்பது அதற்காக.

இனி பெயிண்டுக்கு வருவோம். முதலில் வெள்ளையடிப்பு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாக மாறும். ஒரு பூச்சு மட்டும் இருந்தால் கெட்டிதான். ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் நீலம் கலந்து அடித்து இருபது பூச்சு ஏறிய சீலிங்கில், ஒவ்வொரு பூச்சும் அதற்கு முந்தையதன் தூசின்மேல் உட்கார்ந்திருக்கும். விரலால் தேய்த்தால் மாவு வரும். சாந்து அந்த மாவைத்தான் பற்றுகிறது.

அடுத்தது டிஸ்டம்பர். பழைய வகை, சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்தது. அந்தப் பசை தண்ணீரில் இளகும். எண்ணெய் கலந்த பிந்தைய வகை கொஞ்சம் தாங்கும், ஆனாலும் நனைந்துகொண்டே இருந்தால் தளரும். புதுச் சாந்தோ ஈரம் சொட்டச் சொட்ட வருகிறது. பூசும் செயலே அடியிலுள்ள பசையை இளக்கிவிடுகிறது. கொத்தனார் ஏணியை மடக்கும் முன்பே பூச்சு பலவீனமாகிவிட்டது, யாருக்கும் தெரியாது.

மூன்றாவது பிளாஸ்டிக் எமல்ஷனும் எனாமலும். இவை உதிராது, இளகாது. ஆனால் மூடிய தோல்; உறிஞ்சாது. சாந்துக்கு வேர் விட இடமில்லை. வழவழப்பான பின்பக்கத்தோடு விழும் துண்டுகள் இங்கிருந்து வருபவை.

பெயிண்டே அடிக்காத கான்கிரீட்டின் அடிப்பரப்பும் யோக்கியமில்லை. சென்ட்ரிங் தகட்டில் தடவிய எண்ணெய் அதில் படிந்திருக்கும். அதனால்தான் புதுவீட்டிலும் கொத்தனார் சீலிங்கைச் சிறு உளியால் பொளி போட்டுவிட்டுப் பூசுகிறார். சுரண்டி, கழுவி, பொளிந்து, சிமெண்ட் பால் அடித்து, அது காயும் முன் மெல்லிசாகப் பூசி, ஒரு வாரம் நீர் தெளிப்பதுதான் முறை.

கார்த்திகையில் கொத்து வேலை

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து அடைமழை. மட்டப்பாவில் தேங்கும் நீர் நுண்வெடிப்புகள் வழியே இறங்கி, கீழே வரும்போது பெயிண்டின் முதுகில் நிற்கிறது. எமல்ஷன் தோல் அதை வெளியே ஆவியாக விடாது. நீரோடு வந்த உப்பு தோலுக்குப் பின்னாலேயே படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும், தோலைத் தள்ளுகிறது. முட்டத்திலும் குளச்சலிலும் கடற்காற்றே உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இனி, வீட்டுக்குப் பூச்சு வேலை எப்போது நடக்கிறது என்று பாருங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3-இல் முடிகிறது. பின்னால் கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் தேர், பொங்கல். வீடு பளிச்சென்று இருக்க வேண்டிய நாட்கள் எல்லாம் தளம் அதிகம் ஊறிக் கிடக்கும் நாட்களை ஒட்டியே வருகின்றன. பங்குனி, சித்திரையில் தளம் காய்ந்து கிடக்கும்போது சீலிங்கைப் பற்றி யாருக்கும் நினைவு வருவதில்லை. ஓதம் ஊறிய தளத்தில் உறிஞ்சல் கிடையாது. துளைகள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. முறையாகச் சுரண்டினாலும் பாதிப் பலன்தான். நாள் குறிப்பதை என்னால் மாற்ற முடியாது. ஆனால் விழுகிற பூச்சுகளுக்குக் கலவையைவிட நாட்காட்டிதான் அதிகம் பொறுப்பு என்பது என் கட்சி.

வீட்டுக்காரர் கட்சி

இந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

“எல்லாத்தையும் சொரண்டணும்னு இல்ல கொத்தனாரே. மேலாக்க ஒரு பூச்சு போட்டு விடும். இருபத்தெட்டாம் தேதி மருமவன் வீட்டுக்காரங்க வாராவ.”

“பூசுகதுக்கு என்ன அண்ணாச்சி, அரை நாள் வேலை. பொறவு விழுந்தா எம்பேரத்தான சொல்லுவிய.”

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. சுரண்டும் வேலை மூன்று நாள் வீட்டைத் தூசியில் மூழ்கடிக்கும். கட்டில், பீரோ, அரிசிப்பானை எல்லாவற்றையும் மூட வேண்டும். அதற்குக் கொடுக்கும் கூலி முடிவில் கண்ணுக்குத் தெரியாது. சுரண்டிப் பூசியதும் சுரண்டாமல் பூசியதும் முதல் நாள் ஒரே மாதிரிதான் மின்னும். ஆகவே வாக்குவாதத்தைவிட அரைமணி நேரச் சோதனை மேல்.

ஈரத்துணியால் ஒரு சாண் இடத்தைத் தேய்க்கலாம். நிறம் துணிக்கு வந்தால் அது இளகும் பெயிண்ட். தண்ணீரைத் தெளிக்கலாம், முத்துமுத்தாக நின்றால் உறிஞ்சாத தோல். பிளேடால் சிறு கட்டங்கள் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுக்கலாம். கட்டங்கள் நாடாவோடு வந்தால் பூச்சும் ஒருநாள் அப்படியே வரும். கரண்டிப் பிடியால் தட்டிக்கொண்டே போகலாம். ‘டொப்’பென்று கேட்கும் இடத்தில் ஏற்கெனவே விட்டுப்போயிருக்கிறது. வீட்டுக்காரரையே ஏணியில் ஏற்றி நாடாவை இழுக்கச் சொல்வது நல்ல உத்தி. பத்து நிமிட உபதேசத்தைவிட அவர் கையில் ஒட்டிய நீலத் துகள் வேலை செய்யும்.

சோதனைக்குப் பிறகும் சுரண்ட மனமில்லை என்றால்? மிக நல்ல சமரசம் சாந்தையே விட்டுவிடுவது. தளர்ந்ததை மட்டும் தட்டி எடுத்து, ஓரங்களை மழித்து, பிரைமர் அடித்து, ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ பட்டி பார்த்துவிடலாம். மெல்லியதற்கு உரிவிசை குறைவு. விழுந்தாலும் தூள்தான் விழும், பாளம் விழாது. மேடுபள்ளம் கொஞ்சம் தெரியும். அதை மருமகன் வீட்டார் கவனிக்கப்போவதில்லை.

சாந்துதான் வேண்டும் என்றால் பெயிண்டை நம்பாமல் கான்கிரீட்டையே நம்ப வேண்டும். பெயிண்டைத் துளைத்துத் தளத்துக்குள் அடிக்கு ஒன்றாகத் திருகாணி இறக்கி, நாகம் பூசிய கம்பிவலையைக் கட்டி அதன்மேல் பூசலாம். நம் அறைக்கு 120 ஆணி. 220 கிலோவைப் பகிர்ந்தால் ஆணிக்கு 2 கிலோகூட இல்லை. ஓரத்தில் கிளம்பும் உரிவையும் அடுத்த ஆணி தடுத்துவிடும். துளையிடும்போது உள்ளே ஓடும் ஒயர்க் குழாயைக் கவனிக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் நாகம் பூசாத வலை சீக்கிரம் துருவாகும்.

ஒட்டுக்கு என்று விற்கும் பாலிமர்ப் பால் எமல்ஷன் தோலின்மேல் ஓரளவு உதவும். மாவாக உதிரும் வெள்ளையடிப்பின்மேல் அது மாவை மட்டும் நன்றாகப் பிடிக்கும். தச்சுவேலைக்கான வெள்ளைப் பசையைக் கரைத்து அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பசை ஈரத்தில் மறுபடி இளகும், நம் ஊர் மழைக்குத் தாங்காது.

சுரண்டாமல் விடுவதே முறையாகும் இடங்களும் உண்டு. இங்கிலாந்தில் 1980-கள்வரை வீட்டுச் சீலிங்குகளில் அடித்த ஆர்டெக்ஸ் என்ற வரிவரியான பூச்சில் வெள்ளைக் கல்நார் கலந்திருந்தது. அதன் இழை நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துக் கொல்லும். அங்கே பரிசோதிக்காமல் சுரண்டுவதுதான் தவறு. பலகை அடித்து மூடிவிடுவது சரி. நம் ஊரிலும் பழைய எனாமலை உலர்வாகத் தேய்க்கக் கூடாது, அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் ஈயம் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தையதை நனைத்துச் சுரண்ட வேண்டும், குழந்தைகள் வீட்டில் இல்லாதபோது.

துருப்பிடித்த முதுகு

மூன்றாவது வகைத் துண்டு பாக்கி. உப்பும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் தொட்டால் இரும்பு துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடச் சில மடங்கு அதிக இடம் கேட்கும். கீழிருக்கும் கான்கிரீட்டையே உடைத்துத் தள்ளும். இங்கே சுரண்டல், வலை, பட்டி எதுவும் பேச்சில்லை. மட்டப்பாவின் கசிவை நிறுத்தி, கம்பி தெரியும்வரை உடைத்து, துருவை நீக்கிச் சரிசெய்ய வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பவர்கள் இந்த வகையைத்தான் மறைக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

தஞ்சைக் கருவறையைச் சுற்றி

பழைய நிறத்தின்மேல் புதுப்பூச்சு என்பதற்குத் தமிழ்நாட்டின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. 1010-இல் நிறைவேறிய அந்தக் கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில் சோழர் காலத்து ஓவியர்கள் சுண்ணாம்புப் பூச்சில் எழுதினார்கள். அறுநூறு ஆண்டு கழித்து நாயக்கர் காலத்தில், அந்த ஓவியங்களின்மேலேயே மறுபடி சுண்ணாம்பு பூசிப் புது ஓவியம் எழுதினார்கள்.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அந்த நடைக்குள் போனபோது, மேல்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்த சோழர் ஓவியம் எட்டிப் பார்த்தது. மேலே இருந்தது முழு உறுதியோடு பற்றியிருந்தால் இன்று நமக்கு அந்தச் சோழ ஓவியங்களைப் பற்றி எதுவும் தெரிந்திராது. சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் அதன் சுண்ணாம்பையும் நிறங்களையும் ஆராய்ந்து, எழுதிய முறை என்ன என்று விளக்கினார்.

பிறகு எழுந்தது விநோதமான சிக்கல். சோழர் ஓவியம் வேண்டும். அதற்காக நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டி எறியவும் முடியாது, அதுவும் நானூறு ஆண்டுப் பழையது. இந்தியத் தொல்லியல் துறையினர் மேல் ஓவியத்தைப் பூச்சோடு முழுசாகப் பெயர்த்தெடுத்தார்கள். நம் சீலிங்கில் தொல்லையாக இருக்கும் அதே பலவீனமான இடைத்தளம், இரு காலத்துப் பூச்சுகளும் ஒன்றாக வேர்விட்டுப் பின்னிக்கொள்ளாத அந்தக் கோடு, பெயர்ப்பவர்களுக்குப் பாதையானது. எடுத்த நாயக்கர் ஓவியங்களைக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தார்கள். சுவரில் சோழர் ஓவியம் இருக்கிறது.